இரண்டு சைக்கிள் ஜாக்கெட்டுகளும் ஒரு ஜரிகை முந்தானையும்

அம்மாவின் கூறைப்புடவை முந்தானையில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்ததும் 'பீப்' என்றது. சிவப்பு முனை ஜரிகையின் இந்த ஓரத்தில், கருப்பு முனை ஒரு சாண் தள்ளி. நடுவில் மின்சாரம் தடையில்லாமல் போகிறது என்று அர்த்தம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஏண்டா, ஷாக் அடிக்குமா?" என்று கேட்டாள். அடிக்காதும்மா என்றேன். "அப்போ எதுக்கு இது?" என்றாள்.

நியாயமான கேள்வி. துணிக்குள் மின்சாரத்தை ஓடவிட்டு, தொட்டால் பதில் சொல்லும் சட்டை, பை, திரைச்சீலை என்று செய்து பார்க்கிறவர்கள் கிட்டத்தட்ட முப்பது வருஷமாக இதே கேள்வியின் முன்னால்தான் நிற்கிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் செய்தவர்கள், வீட்டு மேஜையில் செய்தவர்கள், கோடிக்கணக்கில் பணம் வைத்திருந்த கம்பெனி என்று எல்லா வகையும் இதில் உண்டு. அதில் ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்: கூகுள் போட்ட ஜக்கார்டு ஜாக்கெட். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதற்குப் பத்து வருஷம் முந்தைய, கையால் தைக்கிற இன்னொரு சைக்கிள் ஜாக்கெட். நடுநடுவே நானே ஒரு மஞ்சப்பையில் செய்து பார்த்துச் சொதப்பியதும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் படித்தும் செய்தும் பார்த்ததில் எனக்குப் பட்டது, நூல் ஒரு பிரச்சினையே இல்லை. நூலும் கருவியும் சேருகிற ஒட்டு இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் போகிறது.

ஜரிகை என்பதே ஒரு கம்பிதான்

நிஜ ஜரிகை எப்படி இருக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? நடுவில் பட்டு நூல். அதன் மேல், கம்பியாக இழுத்துத் தட்டையாக்கிய வெள்ளியைச் சுருள் சுருளாகச் சுற்றியிருப்பார்கள், அதன் மேல் தங்க முலாம். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆளிடம் காட்டினால், "இது பழைய டெலிபோன் ரிசீவர் ஒயர் மாதிரியில்ல இருக்கு" என்பார். உண்மைதான். அந்தக் காலத்து டெலிபோன் ஒயர் அத்தனை முறை வளைந்தும் அறுந்து போகாததற்குக் காரணம் நூல் மேல் உலோகத் தகடு சுற்றிய அந்த அமைப்புதான். உள்ளே இருக்கும் நூல் இழுவையைத் தாங்கும், மேலே இருக்கும் உலோகம் மின்சாரத்தைக் கடத்தும்.

இதை 1997-லேயே எழுத்தில் வைத்தவர்கள் எம்.ஐ.டி. மீடியா லேபைச் சேர்ந்த ரெமி போஸ்ட், மேகி ஆர்த் என்ற இருவர். துணியிலேயே சர்க்யூட் செய்ய எந்தத் துணி சரிப்படும் என்று தேடியபோது அவர்கள் கையில் கிடைத்தது பட்டு ஆர்கன்சா, அதாவது இழை தள்ளித் தள்ளி நெய்த மெல்லிய துணி. பாவு (நெடுக்கு இழை) பட்டு, ஊடை (குறுக்கு இழை) செம்புத் தகடு சுற்றிய பட்டு. இந்த மாதிரித் துணி இந்தியாவில் அலங்காரத்துக்காகக் குறைந்தது நூறு வருஷமாக நெய்யப்படுகிறது என்று அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆர்கன்சா இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு செம்பு இழையும் தனித்தனி ஒயராகவே இருக்கும். கம்ப்யூட்டருக்குள் பட்டையாக ஓடுமே பல ஒயர் சேர்ந்த ரிப்பன் கேபிள், அதையே துணியாக நெய்தால் எப்படியோ அப்படி. இரண்டு அடுக்கு ஆர்கன்சாவை ஒன்றில் இழைகள் நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் ஓடும்படி வைத்து, நடுவில் நைலான் வலையைக் கொடுத்து, ஒரு துணிக் கீபோர்டு செய்தார்கள். விரலால் அழுத்தினால் வலையின் ஓட்டை வழியாக மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் தொட்டுக்கொள்ளும். எந்த வரிசை, எந்தப் பத்தி என்று பார்த்தால் எந்த எழுத்து என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். சிப்பும் பேட்டரியும் தவிர மீதியெல்லாம் தையல் வேலை.

அதே குழுவின் இன்னொரு வேலை மின்மினிப் பூச்சி பெயரில் ஒரு கவுன். அதிலும் மின்சாரம் ஓடும் துணி அடுக்குகள் இரண்டு, ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். சின்னச் சின்ன எல்.இ.டி.களின் கால்களில் மின்கடத்தும் பஞ்சு மாதிரி ஒன்றை ஒட்டி, அடுக்குகளில் உரசும்படி விட்டிருந்தார்கள். ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரும் இல்லை, முடிச்சும் இல்லை. போட்டிருப்பவர் நடந்தால் உரசும் இடத்தில் எரியும், நின்றால் அணையும். இந்த கவுனை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் இதுதான். துணி ஆடும், கசங்கும், எந்த ஒட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும், அப்புறம் அதோடு எதற்குச் சண்டை, அந்த ஆட்டத்தையே ஸ்விட்சாக்கிவிடுவோம் என்று யோசித்திருக்கிறார்கள்.

சரி, அம்மா முந்தானைக்கு வருகிறேன். நீளவாக்கில் வைத்தாலும் பீப், குறுக்கே வைத்தாலும் பீப். காஞ்சிபுரம் முந்தானையில் ஜரிகைதான் ஊடை. ஒரே நாடாவிலிருந்து (தறியில் ஊடையைச் சுமந்துகொண்டு ஓடுகிற கட்டை) போய்த் திரும்பி, போய்த் திரும்பி, நெருக்கி அடித்து நெய்வது. ஆக மொத்த முந்தானையும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே தகடு. தொடு உணரியாக வைத்தால் 'யாரோ தொட்டார்கள்' என்று சொல்லும், 'மயிலைத் தொட்டார்களா, மாங்காயைத் தொட்டார்களா' என்று சொல்லாது. அதற்கு ஆர்கன்சா மாதிரி இடைவெளி விட்டு நெய்ய வேண்டும், இல்லையென்றால் நடுவே கடத்தாத இழையை ஓட்ட வேண்டும்.

அப்புறம் ஆசையாக என் தங்கையின் புடவையிலும் வைத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. பிளாஸ்டிக் ஜரிகை. பாலியஸ்டர் படலத்தில் உலோகத்தைப் பூச்சாகப் பூசி அதன் மேல் பாதுகாப்புக்கு இன்னொரு பூச்சும் கொடுத்திருப்பார்கள், மினுக்கும், கடத்தாது. கடையில் 'ப்யூர்' என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். மல்டிமீட்டரைப் புடவைக் கடைக்கு எடுத்துப்போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். (செம்பு ஜரிகையும் பீப் என்றுதான் சொல்லும், அதனால் மீட்டர் அடித்த சத்தத்தை வைத்து வெள்ளி என்று முடிவு கட்டாதீர்கள்.)

350 டாலர் ஜாக்கெட்

2015 மே மாதம் கூகுள் தன் வருடாந்திர நிகழ்ச்சியில் 'புராஜெக்ட் ஜக்கார்டு' என்று ஒன்றை அறிவித்தது. தலைமை ஐவன் புப்பிரெவ், சோனியிலும் டிஸ்னியிலும் தொடு உணர்வு ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். பெயர் எங்கிருந்து வந்தது என்று நெசவு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரான்ஸின் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு 1800-களின் தொடக்கத்தில் செய்த, ஓட்டை போட்ட அட்டைகளால் டிசைன் எடுக்கும் இயந்திரம். அதே அட்டைப் பெட்டிதான் நம் ஊர்க் கைத்தறிகளின் தலைக்கு மேலும் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், இழை தூக்கும். ஓட்டை இல்லையென்றால் தூக்காது. கம்ப்யூட்டரின் ஒன்று, பூஜ்யம் கதையை இங்கிருந்துதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள், அதனால் நான் நீட்டவில்லை.

யோசனை நல்ல யோசனை. அதுவரை 'ஸ்மார்ட் துணி' என்று வந்தவை பெரும்பாலும் ஏற்கனவே நெய்த துணியின் மேல் எதையாவது ஒட்டியவை. கூகுள் குழு சொன்னது வேறு: கடத்தும் நூலை, மற்ற நூலைப் போலவே, எந்த ஆலைத் தறியிலும் ஓட்டக்கூடியதாகச் செய்கிறோம், தறியை மாற்றச் சொல்ல மாட்டோம். மெல்லிய உலோக இழைகளைப் பருத்தி, பட்டு, பாலியஸ்டரோடு சேர்த்து முறுக்கி ஜப்பானிய நூல் தொழில்காரர்களோடு உட்கார்ந்து அந்த நூலைச் செய்தார்கள். பார்த்தால் சாதாரண நூல், தொட்டாலும் சாதாரண நூல்.

துணிக்கு ஜீன்ஸ் கம்பெனியான லீவைஸ். டெனிம் என்பது நூலுக்குச் சுலபமான பயணம் இல்லை. நெய்து முடித்ததும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை எரிக்கத் துணியை நேரடியாகத் தீயின் மேல் ஓட்டுவார்கள், அப்புறம் அலசல், சுருக்கம், தேய்ப்பு. இதையெல்லாம் தாண்டி உள்ளே இருக்கும் உலோகம் அறுந்து போகாமல் வர வேண்டும். வந்தது. இந்த ஒரு காரியத்துக்காகவே அந்தக் குழுவுக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன், பின்னால் என்ன திட்டப்போகிறேன் என்றாலும்.

2017 செப்டம்பரில் ஜாக்கெட் கடைக்கு வந்தது, விலை 350 டாலர். சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்களுக்கு என்று விளம்பரம். இடது கை மணிக்கட்டுப் பட்டையில் மட்டும் கடத்தும் நூல், பதினைந்து இழை. உற்றுப் பார்த்தால் மெல்லிய வரிகள் தெரியும், இல்லையென்றால் சாதாரண டெனிம். ஒவ்வொரு இழையும் விரல் பக்கத்தில் வந்தால் தன் மின்தேக்குத் திறன் மாறுவதை உணரும், நம் செல்போன் திரை செய்வதைத்தான் துணியில் செய்கிறது. உள்ளே இருந்து வெளியே தடவினால் இழைகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லும், வெளியிலிருந்து உள்ளே என்றால் திருப்பிச் சொல்லும். அதை வைத்து அடுத்த பாட்டு, முந்தின பாட்டு. இரண்டு தட்டு தட்டினால் வேறொன்று. பேட்டரி, புளூடூத், அதிர்வு, விளக்கு எல்லாம் மணிக்கட்டில் மாட்டிக் கழற்றுகிற ஒரு சின்னப் பட்டையில் இருந்தன. துவைக்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். எத்தனை தடவை துவைக்கலாம்? பத்துத் தடவை வரை தாங்கும் என்று சொன்னார்கள்.

பத்து. நம் ஊர் வெயிலில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அது ரெண்டு வாரம். ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது என்று வாதாடுகிறவர்கள் இருக்கும் ஊரில் அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது போல.

இன்னொன்று, இடது மணிக்கட்டைத் தடவ வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தாக வேண்டும். அண்ணா சாலையில் முயன்று பார்க்காதீர்கள்.

2019-ல் இரண்டாவது சுற்று. கருவி சின்னதாகி பட்டைக்குள்ளேயே ஒளிந்துகொண்டது, விலையும் இறங்கியது, சாதா ட்ரக்கர் ஜாக்கெட் 198 டாலர், உள்ளே கம்பளி மாதிரி வைத்தது 248. ஈவ் சான் லோரான் பெயரில் ஒரு முதுகுப்பை, 2020-ல் சாம்சொனைட் பை, அடிடாஸோடு சேர்ந்து கால்பந்து ஷூவுக்குள் வைக்கிற ஒரு உள்பட்டை. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. 2023 ஏப்ரலில் ஜக்கார்டு ஆப்பை நிறுத்திவிட்டார்கள். ஆப் இல்லையென்றால் தடவலுக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஆளில்லை. தீயில் ஓட்டியும் அறுந்து போகாத அந்தப் பதினைந்து இழையும் மணிக்கட்டில் அப்படியே இருக்கின்றன, தடவினால் சும்மா துணி.

ஏன் தோற்றது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். விலை அதிகம், செய்யும் வேலை கொஞ்சம், பாட்டு மாற்ற காதில் இருக்கும் இயர்பாடைத் தட்டினாலே போதும். எல்லாம் சரிதான். என் கணக்கு வேறு. ஒரு டெனிம் ஜாக்கெட்டின் ஆயுசு இருபது வருஷம், அப்பா போட்டதைப் பையன் போடுவான். ஒரு ஆப்பின் ஆயுசு கம்பெனியின் மூடைப் பொறுத்தது. இந்த இரண்டையும் ஒரே பொருளில் தைத்துவிட்டார்கள், அந்தத் தையல் ஆறு வருஷத்துக்குள் பிரிந்துவிட்டது. கம்பியும் துணியும் சேரும் ஒட்டைப் பிரமாதமாகச் செய்தவர்கள், துணியும் கம்பெனியும் சேரும் ஒட்டைப் பற்றி ஜாக்கெட் வாங்கினவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து வருஷம் முன்னால் இன்னொரு ஜாக்கெட்

கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த லியா பீக்லி, ஊசியால் தைக்கக்கூடிய சர்க்யூட் போர்டு ஒன்று செய்தார். 2007 அக்டோபரில் ஸ்பார்க்ஃபன் என்ற கம்பெனி மூலம் விற்பனைக்கு வந்தது, பெயர் லில்லிபேட் ஆர்டுயினோ. (ஆர்டுயினோ என்பது புதியவர்களும் நிரல் எழுதி ஓட்டக்கூடிய ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு.) ஊதா நிறம், வட்டம், பூவின் இதழ் மாதிரி சுற்றிலும் முனைகள், ஒவ்வொரு இதழிலும் ஊசி நுழைய ஓட்டை. வெள்ளி பூசிய நூலை அந்த ஓட்டை வழியாக மூன்று நான்கு சுற்று இழுத்துத் தைத்தால் அதுதான் இணைப்பு, சால்டர் வேண்டாம். பட்டன் தைக்கத் தெரிந்த யாரும் செய்யலாம்.

இதை வைத்து அவரே ஒரு சைக்கிள் ஜாக்கெட் செய்முறையை எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தார். முதுகில் இடது வலது அம்புக்குறியாக எல்.இ.டி.கள், மணிக்கட்டுகளில் ஸ்விட்ச். திரும்பப்போகிற பக்கத்து ஸ்விட்சை அழுத்தினால் அந்தப் பக்கம் மினுக்கும், காரில் இண்டிகேட்டர் போடுகிற மாதிரி. எங்கே எந்த நிற நூல், எங்கே நூல்கள் ஒன்றோடொன்று தொடக் கூடாது, தைத்து முடித்ததும் மீட்டரால் எப்படிப் பார்ப்பது என்று படிப்படியாக இருக்கும், கடைசியில் நிரலும்.

இரண்டும் சைக்கிள் ஜாக்கெட் என்பது தற்செயல்தான். ஆனால் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. ஒன்று சைக்கிள்காரனுக்குப் பாட்டு மாற்றிக் கொடுத்தது, இன்னொன்று பின்னால் வரும் லாரிக்காரனுக்கு நான் வலது பக்கம் திரும்புகிறேன் என்று சொன்னது. அம்மாவின் 'எதுக்கு இது'வுக்கு இரண்டாவதில் உடனே பதில் இருக்கிறது.

லில்லிபேடை யார் வாங்கினார்கள், யார் என்ன செய்தார்கள் என்று பீக்லியும் பெஞ்சமின் மேக்கோ ஹில் என்ற ஆராய்ச்சியாளரும் இரண்டு வருஷத்துத் தரவை எடுத்து 2010-ல் எழுதினார்கள். அதில் ஒரு எண் எனக்கு மறக்காது. சாதாரண ஆர்டுயினோ போர்டை வைத்து ஆட்கள் செய்து காட்டிய வேலைகளில் பெண்கள் செய்தவை 2 சதவீதம். லில்லிபேடில் 65. உள்ளே இருக்கும் சிப் ஒரே குடும்பம், எழுதும் நிரல் அதே மொழி. மாறினது வடிவமும் அதைச் சேர்க்கும் விதமும் மட்டும்தான், சால்டர் அயர்ன் இருந்த இடத்தில் ஊசி. பொண்ணுங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ்ல ஆர்வமில்லை என்று லேபில் உட்கார்ந்து பேசின எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் தலையாட்டியிருக்கிறேன்.

லில்லிபேடைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. வெள்ளி பூசிய நூலின் மின்தடை செம்புக் கம்பியைவிடப் பல மடங்கு அதிகம், நீளமாக ஓட்டினால் கடைசி எல்.இ.டி. மங்கிப்போகும். காற்றுப் பட்டு வெள்ளி கறுக்கும். முடிச்சின் வால் பிசிறி பக்கத்து நூலைத் தொட்டுவிட்டால் ஷார்ட். முடிச்சு அவிழாமல் இருக்க நெயில் பாலிஷ் வைப்பது இந்த வட்டாரத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த கைவைத்தியம். கடையில் தொங்கவிட்டு ஆயிரக்கணக்கில் விற்கிற சரக்காக இது ஆகவும் இல்லை. ஆனால் ஆர்டுயினோ மென்பொருளைத் திறந்தால் போர்டுகளின் பட்டியலில் லில்லிபேட் பெயர் இன்னும் இருக்கிறது. 2008-ல் தைத்த ஜாக்கெட்டில் இன்று ஒரு நூல் அறுந்தால் தைத்தவரே உட்கார்ந்து மறுபடி தைத்துக்கொள்ளலாம், யாரும் ஏப்ரல் மாதம் நிறுத்த முடியாது.

ஒட்டு

காஞ்சிபுரம் நெசவில் ஒட்டுக்கு எவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று பார்த்தால் இந்த விஷயம் இன்னும் புரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் கோர்வை போடுவார்கள். மூன்று நாடா. நடுவில் உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கமும் கரைக்கு ஒவ்வொன்று. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் இழையும் கரை இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று கோர்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு ஆளால் ஓடாது, அந்தப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் உட்காருவார். முந்தானைக்கு வேறு நிறப் பாவு என்றால் அதற்குப் பேட்னி. உடல் பாவு முடிந்து முந்தானைப் பாவு தொடங்கும் இடத்தில் இரண்டையும் விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்ட மாட்டார்கள். ஒரு சின்னப் பட்டை அகலத்துக்கு இரண்டு பாவும் ஏறி ஒன்றாக நெய்யப்படும், அப்புறம்தான் பழையதை வெட்டுவார்கள். புடவையைத் திருப்பிப் பார்த்தால் அந்த இடம் கொஞ்சம் தடித்து, ரம்பப் பல் மாதிரித் தெரியும். புடவை கிழிந்தாலும் முந்தானை பிரியாது என்று பெருமையாகச் சொல்வார்களே, அது இந்தப் பட்டையைத்தான்.

எலக்ட்ரானிக்ஸ் துணியில் வருகிற கோளாறுகளைப் பார்த்தால் பெரும்பாலும் விளிம்போடு விளிம்பு ஒட்டியவை. இங்கே மெத்தென்ற துணி, அங்கே கெட்டியான போர்டு, நடுவில் ஒரு சொட்டு ஈயம். துணி வளையும், போர்டு வளையாது, வளைவு முழுக்க அந்தச் சொட்டின் ஓரத்தில் போய்ச் சேரும், பத்தாவது மடிப்பில் அங்கேயே பட்டென்று அறும். லில்லிபேடின் இதழில் நூலை நாலு சுற்றுச் சுற்றச் சொல்வதும், போர்டுக்கு முன்னால் கொஞ்சம் தூரம் நூலைத் தளர்வாக விடச் சொல்வதும் பேட்னிக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

ஒட்டே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. ஐரீன் போஷ், எப்ரு குர்பாக் என்ற கலைஞர்கள் இருவரும் 2018-ல் முடித்த 'எம்பிராய்டர் செய்த கம்ப்யூட்டர்' எட்டு பிட் கம்ப்யூட்டர். அதில் சிப் என்பதே கிடையாது. உலோக நூலைச் சுருளாகத் தைத்தால் அது மின்காந்தம். நடுவில் காந்த மணி. மின்சாரம் ஓடினால் மணி புரளும், புரண்டால் ஒரு இணைப்பு விட்டு இன்னொன்று தொடும். அதுதான் ரிலே, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த அதே சாமான். அதைத் தங்க எம்பிராய்டரியின் மரபுக் கோலங்களில் ஒன்றன் பின் ஒன்றாகத் தைத்து முழுக் கணக்குப்போடும் இயந்திரமாக்கியிருக்கிறார்கள். உங்கள் செல்போனோடு ஒப்பிட்டால் ஆமை வேகம்தான், வேகத்துக்காக அதைச் செய்யவும் இல்லை. ஆனால் எது அலங்காரம் எது சர்க்யூட் என்று அதில் பிரித்துக் காட்ட முடியாது.

மஞ்சப்பை

இவ்வளவும் படித்தபின் கை சும்மா இருக்குமா. மஞ்சப்பை ஒன்றை எடுத்து, அதில் ஜரிகையால் ஒரு மாங்காய் தைத்து, மாங்காயைத் தொட்டால் பைக்குள் ஒரு எல்.இ.டி. எரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். பஸ்ஸில் இருட்டில் பைக்குள் சாவியைத் தேடுகிற அம்மாவுக்கு உபயோகமாக இருக்கும் என்று நினைத்தேன். கருவி, ஈ.எஸ்.பி. 32 என்ற சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு. அதில் தொடு உணர்வுக்கென்றே முனைகள் உண்டு, ஒரு ஒயரை இழுத்துவிட்டால் போதும்.

ஜரிகை வாங்குவதே ஒரு கதை. மார்க் என்கிற எடைக் கணக்கில் விற்கிற கடையில் போய்ப் பத்து மீட்டர் கேட்டால் எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கடைசியில் தெரிந்த ஒரு நெசவாளர் தறியில் மிஞ்சிய தாரிலிருந்து (நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய குச்சி) செம்பு ஜரிகை கொஞ்சம் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

முதல் நாள் ஊசியில் கோர்த்து இழுத்தேன். நாலு தையலுக்குள் ஊசிக் காதில் மாட்டித் தகடு சுருளாகப் பிரிந்து பட்டு மட்டும் வெளியே வந்தது. அடுத்த துண்டு, அதேதான். மெதுவாக இழுத்தேன், அப்போதும் அதேதான். ஜரிகையை முறுக்கியது நெய்வதற்கு, ஊசி ஓட்டையில் நூறு தடவை உரசுவதற்கு இல்லை என்பது எனக்கு உறைக்கவே ஒரு சாயங்காலம் ஆனது.

பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி ஒர்க் செய்கிறார், வீட்டு முன்னறையில் ஃபிரேம் போட்டு. அவரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, இதை ஏன் துணிக்குள்ள இழுக்கிறீங்க? மேல படுக்க வச்சு, சாதா நூலால பிடிச்சுத் தைங்க" என்றார். அவ்வளவுதான். ஜரிகை துணிக்கு மேலேயே படுத்திருக்கும், அதை மஞ்சள் பருத்தி நூல் அரை சென்டிமீட்டருக்கு ஒரு தடவை குறுக்கே போய்ப் பிடித்துக்கொள்ளும். ஜரிகை ஊசியையே பார்ப்பதில்லை. தங்க வேலை செய்கிறவர்கள் எத்தனை காலமாகவோ செய்வது. இரண்டு கோடுகள் குறுக்கே போக வேண்டிய இடத்தில் தொட்டுவிடாதா என்று கேட்டேன், "நடுவுல ஒரு துண்டுத் துணி வச்சிட்டா போச்சு" என்றார். இரண்டு அடுக்கு சர்க்யூட் போர்டு என்று நாங்கள் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அக்கா இப்படி முடித்துவிட்டார்.

அடுத்தது ஒட்டு. ஜரிகையில் சால்டர் வைத்தால் பட்டு கருகுகிறது. முடிச்சுப் போட்டால் ரெண்டு நாளில் தளர்கிறது, நெயில் பாலிஷ் வைத்தும் பார்த்தேன், இன்னும் ரெண்டு நாள் தாங்கியது. கடைசியில் பிரஸ் பட்டன், தையல்காரர்கள் டிச் பட்டன் என்பார்களே, அது. ஒரு பாதியைத் துணியில் ஜரிகையாலேயே ஓட்டைக்கு ஐந்தாறு சுற்றுச் சுற்றித் தைத்துவிட வேண்டும், இந்தக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் பெரிய காது ஊசி வைத்து. மறு பாதியில் போர்டிலிருந்து வரும் ஒயரை சால்டர் வைக்க வேண்டும். டக்கென்று மாட்டலாம், டக்கென்று கழற்றலாம். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கும் தையல் கடைக்கும் நடுவில் இரண்டு ரூபாய் பட்டன். கூகுள் ஜாக்கெட்டின் கழற்றும் பட்டையும் இதே யோசனைதான் என்று எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

வேலை செய்தது. மாங்காயைத் தொட்டால் விளக்கு. அம்மா நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், மறுநாள் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போனாள். திரும்பி வரும்போது பை வாசலிலிருந்தே எரிந்துகொண்டு வந்தது. உள்ளே ஈரம் சொட்டச் சொட்ட ரெண்டு கட்டு முளைக்கீரை. துணி நனைந்து ஜரிகையோடு ஒட்டியிருக்கிறது. தொடு உணரிக்கு ஈரத்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. "வழியெல்லாம் எல்லாரும் என்னையே பாக்குறாங்கடா" என்றாள். போன வாரம் மாங்காய்க்குப் பின்னால் ஒரு தடித்த துணி அடுக்கு வைத்துத் தைத்து, நிரலில் 'சட்டென்று மாறினால் மட்டும் விரல், மெதுவாக மாறினால் ஈரம்' என்று திருத்தியிருக்கிறேன்.

போர்டைக் கழற்றி எடுத்துவிட்டு நேற்றுப் பையை சோப்புப் போட்டுத் துவைத்தேன், அடித்துத் துவைக்காமல் கசக்கி. இது மூன்றாவது துவைப்பு. செம்பு ஓரங்களில் கொஞ்சம் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. கொடியில் தொங்குகிறது, காய்ந்ததும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.